பராமரிப்புக்கு ஒன்றை அழுத்தவும்

“சார், என் சம்பளத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?”

லிஃப்ட் மெக்கானிக் இதைக் கேட்ட நேரத்தில் சூப்பர்வைசரின் வாயில் டீ இருந்தது. அடுத்த கணம் அது எதிர்ச்சுவரில் இருந்தது. அந்த அறைக்குள் வந்து சம்பளத்தைக் கூட்டித் தரும்படி அழுதவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு, ஒருவர் பாடியே காட்டியிருக்கிறார். குறைக்கச் சொல்லி ஒரு ஜீவன் வந்து நின்றது உலக சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

“எவ்வளவு குறைக்கணும்?” என்றார் சூப்பர்வைசர், மேசையைத் துடைத்தபடி.

“ரொம்ப வேண்டாம் சார். ரெண்டு டீ, ஒரு பிஸ்கட் அளவுக்குக் குறைஞ்சா போதும்.”

மெக்கானிக்குக் கிறுக்குப் பிடித்துவிடவில்லை. அவர் மனைவிக்கு வேலை கிடைத்திருந்தது. கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

மனைவி பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பேர் அவள் கைவண்ணத்தால்தான் மென்றுகொண்டிருந்தார்கள், மீதிப் பேர் தங்கள் பல் எப்போது விழும் என்று ஆசையோடு காத்திருந்தார்கள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். கை சும்மா இருக்குமா? குழந்தையின் வண்ணக் களிமண்ணை எடுத்து வீட்டிலிருந்த பொம்மைகளுக்கெல்லாம் பல் வைத்துவிட்டாள். அலமாரி மேல் உட்கார்ந்திருந்த துணிக்கரடிக்கு மேலும் கீழுமாக முழு வரிசை. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, மீட்டரைப் பார்க்காமலே இறங்கிப் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் பட்டறை முதலாளி போன் செய்தார். திங்கட்கிழமையிலிருந்து வர முடியுமா, முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். குழந்தைக்கு ஒரு வழி பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்று இவள் போனை வைத்தாள். மெக்கானிக் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

“அழுதியா?”

“இல்லங்க, வெங்காயம்.”

“அது உருளைக்கிழங்கு.”

அவள் கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் திரும்பிக்கொண்டாள். எத்தனை மாடிக் கட்டடமானாலும் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி பாட்டுப் பாடும் மெக்கானிக்குக்கு அன்றைக்கு, தரையில் நின்றபோதே தலை சுற்றியது. எப்படியாவது இவளைத் திங்கட்கிழமை பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

ஒரே ஒரு தடை இருந்தது. அதற்கு ரெண்டரை வயது.

பெண் குழந்தை. நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள், ஆனால் அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த அறைக்குப் போயிருக்கும். பேசத் தொடங்குவதற்கு முன்பே வாயால் ‘டுர்ர்ர்’ என்று ஓட்டத் தொடங்கியதால் ‘மோட்டார்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு நிறுத்தும் விசை மட்டும் எங்கே இருக்கிறதென்று அதைப் பெற்றவர்களுக்கே தெரியவில்லை.

பக்கத்துத் தெருவில் குழந்தைகள் காப்பகம் இருந்தது. பூ வரைந்த சுவர், வழுக்கிவிடும் சறுக்கு, கைக்குட்டை அளவுக்குக் குட்டிக் குட்டி மெத்தைகள். கட்டணத்தைக் கேட்டதும் மெக்கானிக், கட்டடத்தையும் சேர்த்து விலை சொல்கிறார்கள் என்றே நினைத்தார். அதில் பகல் தூக்கத்துக்குத் தனித் தொகை வேறு. அந்தப் பணத்துக்குத் தூங்க விட்டால் தானே வந்து படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. மனைவியின் சம்பளம் முழுக்க அங்கேயே போய்விடும், பட்டறைக்கு அவள் நடந்துதான் போக வேண்டும், சாப்பாட்டைப் பற்றி யோசிக்கக் கூடாது.

இந்த மாதிரிக் குடும்பங்களுக்கு உதவித் தொகை தருவதற்கென்றே ஓர் அலுவலகம் இருப்பதாகக் காப்பகத்து அம்மாள்தான் சொன்னாள். மெக்கானிக் ஓடினார். அங்கே மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு அதையே மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தார் ஒரு கிளார்க் அம்மா. கண்ணாடி எங்கே இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னதில் அந்த அம்மாவுக்கு அவர் மேல் பாசம் உண்டாகிவிட்டது. அதனால் மறுப்பையும் பாசத்தோடே சொன்னார்.

“அடடா. உங்க சம்பளம் வரம்பைத் தாண்டிடுச்சே தம்பி. ஒரு ரெண்டு டீ, ஒரு பிஸ்கட் அளவுக்குத்தான் தாண்டியிருக்கு. கொஞ்சம் குறைச்சலா சம்பாதிச்சிருக்கக் கூடாதா?”

ஆறுதலுக்காகச் சொன்ன பேச்சு. மெக்கானிக் அதை அலுவலக உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். அதன் விளைவுதான் சுவரில் வழிந்த டீ.

சூப்பர்வைசர் லேசுப்பட்ட ஆளா? இருபது வருஷமாக ஆட்களை மேய்ப்பவர். சம்பளத்தைக் குறை என்று ஒருவன் கேட்டால் அவன் ஆழம் பார்க்கிறான் என்று அவருக்குத் தெரியாதா? எதிர்க் கம்பெனிக்காரன் இவரைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறான், இவர் நாசூக்காக நோட்டம் விடுகிறார், அவ்வளவுதானே. மெக்கானிக்கை வெளியே உட்கார வைத்துவிட்டு மேலிடத்துக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு இரண்டு கையையும் விரித்தபடி வந்தார்.

“போதுமாப்பா? ஏத்திட்டோம். இந்த மாசத்திலேருந்தே. இனிமே அந்தக் கம்பெனிக்காரன் பேச்சை எடுக்கக் கூடாது.”

“எந்தக் கம்பெனி சார்?”

“பாத்தியா, பாத்தியா,” என்று சூப்பர்வைசர் கண்ணடித்தார். “நல்லா நடிக்கிற.”

மெக்கானிக் தள்ளாடியபடி உதவி அலுவலகத்துக்குப் போனார். கிளார்க் அம்மா விஷயத்தைக் கேட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வரம்பு இப்போது கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது, இனி இந்தப் பக்கம் அலைந்து செருப்பைத் தேய்க்க வேண்டாம், பிள்ளை குட்டியோடு நன்றாக இருங்கள் என்று வாழ்த்தி அனுப்பினார். ஏறிய சம்பளம் காப்பகத்துக்குக் காணுமா என்றால், பகல் தூக்கத்துக்கு மட்டும் காணும். மீதி நேரம் பிள்ளை விழித்திருக்க வேண்டிய இடம்தான் இல்லை.

வீட்டு வாசலில் நின்றபடியே மெக்கானிக் இதைச் சொன்னார்.

“என்னங்க, ஊர்ல சம்பளம் ஏறினா இனிப்பு வாங்கிட்டு வருவாங்க. நீங்க ஏன் துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி நிக்கறீங்க?” என்றாள் மனைவி. அவள் சிரித்தாள், ஆனால் கரடிக்குச் சிரிப்பு வாய்த்த அளவுக்கு அவளுக்கு அன்றைக்கு வாய்க்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் மறுபடி சூப்பர்வைசரிடம் போய், உள்ளதை உள்ளபடி சொல்லப் பார்த்தார். ‘சம்பளம்’ என்ற சொல் வாயில் வந்ததுமே சூப்பர்வைசர் மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டடி பின்வாங்கினார். “இதுக்கு மேல என்னால ஏத்த முடியாதுப்பா” என்று கும்பிட்டார். குழந்தையைப் பராமரிக்க உதவி வேண்டும், அவ்வளவுதான் என்று மெக்கானிக் கெஞ்சியதும் அவருக்குப் போன உயிர் வந்தது. அப்படி ஏதோ ஒரு திட்டம் தலைமை அலுவலகத்தில் இருப்பதாகக் கேள்வி, அங்கேயே போன் பண்ணிக் கேட்டுக்கொள் என்று ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பினார்.

மெக்கானிக்குகள் யாரும் அந்த எண்ணைக் கூப்பிட்டதில்லை. அவர்களுக்கு வேலை சூப்பர்வைசர் வழியாகத்தான் வரும். இவர் வீட்டுக்கு வந்து, தோளில் மோட்டார் உட்கார்ந்து இவர் காதைத் திருகி ஓட்டிக்கொண்டிருக்க, எண்ணை அழுத்தினார். தேனில் நனைத்த பதிவுக் குரல் ஒன்று வணக்கம் சொல்லி, “பராமரிப்புக்கு ஒன்றை அழுத்தவும்” என்றது. இவர் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், ‘பணியாளர் நலனுக்கு ஐந்தை அழுத்தவும்’ என்பதும் காதில் விழுந்திருக்கும். இந்தக் கதையும் நடந்திருக்காது.

“பராமரிப்பு. சொல்லுங்க சார்,” என்றது ஒரு பெண் குரல்.

“பராமரிப்புக்கு உங்ககிட்ட உதவி கிடைக்கும்னாங்க மேடம்.”

“அதுக்குத்தானே சார் இருக்கோம். எந்த இடம்?”

மெக்கானிக் விலாசத்தைச் சொன்னார். மூணாவது மாடி என்றார்.

“வந்து எத்தனை வருஷம் ஆச்சு?”

பிறந்து என்று கேட்காமல் வந்து என்று கேட்டது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளைகளை மதிக்கத் தெரிந்தவள்.

“ரெண்டரை மேடம்.”

“ரெண்டரையிலேயே கோளாறா? என்ன பண்ணுது?”

“ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. கதவைத் தொறந்தா போதும், ஓட ஆரம்பிச்சிடுது.”

“கதவு தொறந்திருக்கும்போதேவா? ஆபத்தாச்சே சார்.”

“அதான் மேடம், கூடவே ஒரு ஆள் வேணும்ங்கறேன்.”

“சத்தம் ஏதாவது வருதா?”

“மோட்டார் இல்லையா மேடம்.”

“மோட்டார்லயா சத்தம்?”

“மோட்டாரே சத்தம்தான்.”

அந்தப் பக்கம் விரல்கள் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. எண்ணெய் போட்டுப் பார்த்தீர்களா என்று குரல் கேட்டது. தினமும் தலை பூரா வைக்கிறோம் என்றார் இவர். எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டது. எங்கள் இருவரைத் தவிர வேறு யாரையும் தாங்காது, போன மாதம் வந்த சித்தியை இரண்டே நாளில் ஊருக்குத் துரத்திவிட்டது என்றார். ராத்திரியில் நிறுத்தி வைக்கிறீர்களா என்று கேட்டது. விளக்கை அணைத்த பிறகுதான் அதற்கு வேகமே பிடிக்கிறது என்று பெருமூச்சு விட்டார்.

“வேற ஏதாவது தொந்தரவு?”

“சொன்னா வெட்கக்கேடு மேடம். அரைக் கிண்ணம் ஊட்டினா கால் கிண்ணத்தைத் திருப்பி என் சட்டையிலேயே துப்பிடுது.”

தட்டச்சு ஓசை சட்டென்று நின்றது. அந்தப் பக்கத்தில் எதுவோ தொம்மென்று விழுந்தது. “ஒரு நிமிஷம் சார்” என்ற குரல், போனை விட்டு விலகி வேறு யாரையோ அதட்டியது: “இறங்கு. இறங்குன்னு சொன்னேன்ல.”

தொழில் தெரிந்தவரல்லவா மெக்கானிக். எங்கேயோ ஒரு லிஃப்ட் மேலே போய் மாட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது, பாவம் இந்தப் பெண் அதையும் சேர்த்துக் கவனிக்கிறாள் போலிருக்கிறது என்று மனதுக்குள் இரக்கப்பட்டார்.

திரும்பி வந்த குரல் முன்னைவிடத் தணிந்திருந்தது. பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தது. அவ்வளவுதான், மெக்கானிக் மடை திறந்துவிட்டார். தன் பெயர், தானும் இதே கம்பெனியில் மெக்கானிக் என்பது, பல் பட்டறை, திங்கட்கிழமை, தாண்டிய வரம்பு, ஏறித்தொலைத்த சம்பளம், வெங்காயம் ஆகிப்போன உருளைக்கிழங்கு என்று ஒன்று விடாமல் கொட்டினார். குரல் குறுக்கே பேசவே இல்லை.

“திங்கட்கிழமை காலையில உங்க வீட்டுல ஆள் இருக்கும் சார்,” என்றது முடிவில். “அந்த ஏரியாவுலயே அனுபவமான ஆளைப் போடறேன்.”

“பணம் ஏதாவது…”

“கம்பெனி பாத்துக்கும்.”

மெக்கானிக் மோட்டாரைத் தூக்கிக் கூரையில் முட்டுகிற அளவுக்குப் போட்டுப் பிடித்தார்.

மனைவி அவ்வளவு எளிதில் நம்புகிறவள் இல்லை. வரப்போகிறவளுக்கு வயசு என்ன, பிள்ளைகளை அடிக்கிற ரகமா, கை சுத்தமா என்று துருவினாள். மெக்கானிக்குக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆகவே அளந்துவிட்டார். நாற்பது வருஷ அனுபவம், பெரிய பெரிய இடங்களில் பார்த்தவர், கோபமே வராது, கம்பெனியே கையெடுத்துக் கும்பிடுகிற ஆள். சொல்லச் சொல்ல அவருக்கே அந்த ஆள் மேல் மரியாதை வந்துவிட்டது.

மனைவி பட்டறைக்குப் போன் செய்து வருகிறேன் என்றாள். முதலாளி அப்போதே, வரிசையில் நிறுத்தி வைத்திருந்த வேறு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவள் வீட்டைத் துடைத்தாள். நாற்பது வருஷ அனுபவசாலி பயந்து ஓடிவிடக் கூடாதே என்று கரடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை. அவள் பழைய வேலைப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, தலையை அழுந்த வாரி, செருப்பையும் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றாள். மோட்டார் அவள் காலைச் சுற்றி டுர்ர்ர் என்று வட்டமடித்தது. மெக்கானிக் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். படியில் காலடி கேட்டது, பால்காரர். மறுபடி கேட்டது, மேல்வீட்டுக்காரர். அதன் பிறகு கேட்டது மெக்கானிக்கின் போன்.

“எங்கப்பா இருக்க?” என்றார் சூப்பர்வைசர். “அவசரம். மேலேயிருந்து நேரா உன் பேருக்கு வந்திருக்கு. ஒரு லிஃப்ட் கட்டுப்பாடு இல்லாம ஓடுதாம். கதவைத் தொறந்தாலே கிளம்பிடுதாம். ராத்திரி விளக்கை அணைச்சா வேகம் பிடிக்குதாம். இப்படி ஒரு கோளாறை நான் கேள்விப்பட்டதே இல்லை.”

மெக்கானிக்குக்கு வயிற்றுக்குள் ஒரு லிஃப்ட் கயிறறுந்து இறங்கியது.

“சார், விலாசம்…”

சூப்பர்வைசர் படித்தார். தெரு, கதவு எண், மூணாவது மாடி. அவர் இவர் வீட்டுக்கு வந்ததில்லை, அதனால் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. ஒரு வாரம் முழுக்க அங்கேயே இருந்து கண்காணிக்க வேண்டுமாம், வேறெங்கும் போகக் கூடாதாம், ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மெக்கானிக் மெல்லத் திரும்பினார். அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. ரெண்டரை வருஷமாக அந்த மூன்று மாடியையும் அவர் மோட்டாரைச் சுமந்தபடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்குப் பாதி புரிந்துவிட்டது.

“ஆள் வரலையா?”

இல்லை என்று அவர் தலையாட்டினார். அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். ஒரு செருப்பைக் கழற்றினாள். மற்றதைக் கழற்றுவதற்குக் குனிந்தவள், குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். மோட்டார் கழற்றிய செருப்பை எடுத்துக் காதில் வைத்து, ‘அலோ’ என்றது.

மெக்கானிக் அதனிடமிருந்து செருப்பை வாங்கி, தரையில் உட்கார்ந்து, அவள் காலில் மாட்டினார்.

“நீ கிளம்பு. ஆள் வந்தாச்சு.”

“எங்க?”

“நான்தான்.”

“உங்க வேலை?”

“இதுதான் இன்னிக்கு என் வேலை. சூப்பர்வைசரே சொல்லிட்டார்.” அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நாப்பது வருஷ அனுபவம்?”

“முப்பத்தஞ்சு வயசுல நாப்பது வருஷ அனுபவம் உள்ள ஆளு நான் ஒருத்தன்தான்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தெருமுனை திரும்பும் வரைக்கும் ஜன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அந்தத் துள்ளலுக்காக வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தார் மெக்கானிக். நினைத்த மாத்திரத்தில் வேலை நிஜமாகவே போய்விடும் என்பதும் உறைத்தது. இல்லாத லிஃப்டைப் பழுது பார்த்துச் சம்பளம் வாங்கியவன் என்று ஊர் சிரிக்கும். எதிர்க் கம்பெனிக்காரன்கூடச் சேர்த்துக்கொள்ள மாட்டான். அதற்குள் மோட்டார் நாற்காலி மேல் ஏறி, கரடியை முன்பக்கம் திருப்பிவிட்டிருந்தது. அது இவரைப் பார்த்து எல்லாப் பல்லையும் காட்டியது.

உண்மையைச் சொல்லிவிடுவதுதான் உத்தமம். மோட்டாரை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினார். பராமரிப்புக்கு ஒன்றை அழுத்தினார். அதே குரல்.

“மேடம், நான்தான், அந்த மூணாவது மாடி. ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. அது லிஃப்ட் இல்ல மேடம். எங்க பொண்ணு. நான் உதவித் தொகை கேக்கத்தான் போன் பண்ணேன். தயவுசெஞ்சு அந்தப் புகாரை எடுத்துடுங்க.”

அந்தப் பக்கம் தட்டச்சு ஓசை நிற்காமல் கேட்டது.

“அதை எடுக்க முடியாது சார்,” என்றது குரல், பதிவுக் குரலைவிட உத்தியோக பூர்வமாக. “முழு நாளும் கண்காணிப்பு, ஒரு வாரத்துக்குன்னு போட்டிருக்கேன். நலப் பிரிவுக்கும் அப்பவே உங்க பேர்ல மனு போயிடுச்சு. பிள்ளையைக் காப்பகத்துல விடற பணம் அவங்கதான் தருவாங்க, அதுக்கு வரம்பு கிரம்பு கிடையாது. ஆனா கையெழுத்தாகி வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ரிப்பேர்லயே இருக்கட்டும்.”

மெக்கானிக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“லிஃப்டுக்கு எதுக்கு மேடம் நலப் பிரிவு?”

பதில் வருவதற்குள் அங்கே எதுவோ தொம்மென்று விழுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் விழுந்தது. “பீரோ மேலேருந்து இறங்குன்னு சொன்னேன்ல, ரெண்டு பேரும் இறங்குங்க” என்று தூரத்தில் ஓர் அதட்டல் கேட்டது. பிறகு குரல் மூச்சு வாங்கியபடி போனுக்குத் திரும்பி வந்தது.

“மன்னிச்சுக்கங்கண்ணே, எங்க வீட்டுலயும் ரெண்டு லிஃப்ட் ஓடுது.”